சண்டை கேம் ஸ்டிக்: எதைச் செய்தாலும் திறந்து மூடும்படி செய்யுங்கள்

கேள்வி: பெரம்பூரில் இருக்கும் கல்லூரி மாணவன். கம்ப்யூட்டரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கென் 8 ஆடுகிறேன். ஆன்லைனில் மலிவாக ஓர் ஆர்கேட் ஸ்டிக் (திசைக்கு லீவரும் அடிக்குப் பட்டன்களும் உள்ள பெட்டி) வாங்கினேன். மேல்-வலது, கீழ்-வலது போன்ற குறுக்குத் திசைகள் பாதி நேரம் விழுவதில்லை. இதையே சரிசெய்யலாமா, புதிதாக ஒன்று செய்துகொள்ளலாமா? சென்னையில் பொருட்கள் எங்கே கிடைக்கும்? லீவரே இல்லாமல் எல்லாமே பட்டன் என்று போய்விடலாமா?

பதில்:

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இருக்கிற ஸ்டிக்கைத் திறந்து பாருங்கள். நல்ல லீவரும், அழுந்துவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் நல்ல சர்க்யூட் போர்டும் உட்கார இடம் இருந்தால் பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுங்கள். இடம் இல்லையென்றால் பெட்டியையும் புதிதாகச் செய்துவிடுங்கள். எந்த வழியில் போனாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஒரே ஸ்க்ரூடிரைவரால் திறந்து, கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி, வேறொன்றை மாட்டி, மறுபடி மூட முடிய வேண்டும். ஸ்விட்ச் தேயும், ஸ்பிரிங் தளரும், கிரீஸ் காயும். நல்ல லீவரும் பட்டனும் நமக்குக் கடல் தாண்டித்தான் வருகின்றன. ஒரு பட்டன் போனதற்காக மொத்தத்தையும் தூக்கிப் போடும் நிலை வரக் கூடாது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு தேர்வும் இந்தக் காரணத்திலிருந்துதான் வருகிறது.

திறப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் தட்டினால் கேம் கன்ட்ரோலர் பட்டியல் வரும். உங்கள் ஸ்டிக்கின் பக்கத்தில் லீவரை மெதுவாக வட்டமாகச் சுற்றுங்கள். எட்டுத் திசையும் வரிசையாக வர வேண்டும். மேல்-வலது மட்டும் வராமல் மேலிருந்து நேராக வலதுக்குத் தாவினால் அந்த இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே நேரத்தில் அழுந்தவில்லை என்று அர்த்தம். சுற்றும்போது சரியாக வந்து, கேமில் வேகமாக ஆடும்போது மட்டும் தவறினால், பழுது போர்டில் இருக்கலாம், உங்கள் கையிலும் இருக்கலாம். பயிற்சி மோடில் இன்புட் காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள். கீழ், கீழ்-வலது, வலது என்று மூன்று அம்புக்குறிகள் வர வேண்டிய இடத்தில் கீழ், வலது என இரண்டே வந்தால் குறுக்குத் திசை எங்கே தொலைகிறது என்று உடனே தெரியும்.

லீவர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கம்பியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உருளை மாட்டியிருக்கும். ஆக்சுவேட்டர் என்பார்கள். அதைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு மைக்ரோ ஸ்விட்சுகள். கம்பி நடுவில் ஒரு குமிழில் தாங்கி நிற்பதால், நீங்கள் மேலே தள்ளினால் அடிப்பகுதி கீழ்ப்பக்கம் போய் அங்கிருக்கும் ஸ்விட்சை அமுக்கும். ஒயர் மாட்டும்போது பலர் குழம்புவது இங்கேதான். குறுக்குத் திசைக்கென்று தனி ஸ்விட்ச் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்விட்சுகள் இரண்டும் ஒன்றாக அழுந்தினால் அதுதான் குறுக்கு. அதனால் ஆக்சுவேட்டர் மெலிதாக இருந்தாலும், ஸ்விட்ச் சற்று விலகி உட்கார்ந்திருந்தாலும், அடியிலிருக்கும் தடுப்பு கம்பியை முன்கூட்டியே நிறுத்திவிட்டாலும் முதலில் காணாமல் போவது குறுக்குத் திசைதான். மலிவான லீவர்களில் இந்த மூன்றும் சேர்ந்தே இருப்பதுண்டு. உங்கள் ஸ்டிக்கில் போர்டைக் காட்டிலும் லீவரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

லீவர் மாற்றுவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு சான்வா ஜேஎல்எஃப் வாங்கலாம். ஜப்பானில் செய்வது. உலகம் முழுக்க அதிகம் பேர் பழகிய லீவர் என்பதால் அதற்கான ஸ்பிரிங், ஆக்சுவேட்டர், தடுப்புத் தட்டு எல்லாம் தனித்தனியாக விற்கிறார்கள். கம்பி தேய்ந்தால் கம்பி, ஸ்விட்ச் போனால் ஸ்விட்ச் போர்டு என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். அதே நாட்டின் செய்மிட்சு எல்எஸ்-32 கையில் சற்றுக் கெட்டியாக இருக்கும். அந்த இறுக்கம் பிடித்தவர்கள் வேறு எதற்கும் வர மாட்டார்கள்.

கொரிய லீவர் தனி வகை. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இறுகப் பிடித்திருக்கும். விட்டவுடன் விருட்டென்று நடுவுக்கு வந்து நிற்கும். டெக்கெனில் பின்னால் தாவித் தாவிப் போகும் கொரியன் பேக்டாஷுக்கும், திசையை விட்டு நடுவுக்கு வந்து மறுபடி அமுக்க வேண்டிய மிஷிமா குடும்பக் கதாபாத்திரங்களின் அடிகளுக்கும் இது கையோடு ஒட்டிப் போகும். ஆனால் உடல் பெரிது, பெட்டியில் ஆழம் அதிகம் வேண்டும். நீங்கள் இரண்டு கேமும் ஆடுவதால் ஜேஎல்எஃப்பில் தொடங்குவதே சரி. டெக்கென் மட்டும்தான் என்று முடிவான பிறகு கொரிய லீவருக்குப் போகலாம். புதிதாகப் பெட்டி செய்யப் போகிறீர்கள் என்றால் அதை மனதில் வைத்து ஆழத்தை இப்போதே கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

ஜேஎல்எஃப்பின் அடியில் வரும் தடுப்புத் தட்டு சதுரம். கேட் என்று சொல்வார்கள். கேம்பேடிலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரம் சதுரம் விசித்திரமாக இருக்கும், மூலையில் போய் இடிக்கிறதே என்று தோன்றும். உடனே எண்கோணத் தட்டு வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சதுரத்தின் மூலைதான் குறுக்குத் திசை, அங்கே இரண்டு ஸ்விட்சும் முழுதாக அழுந்தும். குனிந்தபடி தடுப்பது, அதாவது லீவரைப் பின்-கீழ் மூலையில் பிடிப்பது, இந்த ஆட்டங்களில் உயிர்நாடி. கையை மூலையில் வைத்தால் போதும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. எண்கோணத்தில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு சின்னப் பள்ளம் கிடைக்கும், முழு வட்டம் சுற்றுவதற்கு வசதி, ஆனால் குறுக்குக்குக் கிடைக்கும் இடம் சுருங்கும். உங்கள் புகாரே குறுக்குத் திசை விழவில்லை என்பது. அதற்குச் சதுரம்தான் மருந்து. கையை வைத்துத் தட்டின் விளிம்போடு உரசிக்கொண்டே போகாமல், ஸ்விட்ச் அமுங்கும் தூரம் மட்டும் தள்ளிப் பழகினால் தட்டின் வடிவம் ஒரு பொருட்டாகவே தெரியாது.

அடுத்தது ஸ்பிரிங். ஜேஎல்எஃப்போடு வரும் ஸ்பிரிங் மென்மையானது. வேகமாகத் திரும்பினால் லீவர் நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஆடுகிறது என்று தோன்றினால் ஒரு படி கெட்டியான ஸ்பிரிங் போடுங்கள். அதைவிட அதிகப் பலன் தருவது பெரிய ஆக்சுவேட்டர். சாதாரணத்தைவிட ஒரு மி.மீ அளவு பெரிதாக வருவதை மாட்டினால் ஸ்விட்ச் சீக்கிரம் அமுங்கும், குறுக்குத் திசைக்கான பரப்பு விரியும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஒரு வாரம் ஆடுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கைக்குத் தெரியாது.

கழற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கம்பியின் அடி நுனியில் ஸ்க்ரூடிரைவர் வைக்க ஒரு வெட்டு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே உருண்டையைத் திருகினால் கழன்றுவிடும். அடியில் ஆக்சுவேட்டரைத் தாங்கி நிற்பது ஈ வடிவத்தில் ஒரு சின்ன உலோகக் கிளிப். நெம்பும்போது தெறித்துப் பறந்துவிடும். ஒரு கையால் மூடிக்கொண்டு, கீழே வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டு நெம்புங்கள். கிரீஸ் போடும் இடம் கம்பி தாங்கி நிற்கும் அந்தக் குமிழ் மட்டும். பிளாஸ்டிக்குக்கு ஆகும் சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டுப் போதும். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் உள்ளே விடாதீர்கள். பழைய கிரீஸைக் கரைத்து, வழிந்து ஸ்விட்சுக்குள் போய், நம் ஊர்த் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

பட்டனுக்கு வருவோம். ஜப்பான் வகை பெரிய பட்டனுக்கு 30 மி.மீ துளை, ஸ்டார்ட் போன்றவற்றுக்கு 24 மி.மீ. அமெரிக்க வகைக்கு 28 மி.மீ. சான்வா ஓபிஎஸ்எஃப்-30 என்பது பக்கவாட்டுக் கொக்கிகளால் பிடித்துக்கொள்ளும் ரகம். விரல் பட்டாலே விழும் அளவுக்கு மென்மை. முதல் நாள் தெரியாமல் அமுக்கிவிடுவீர்கள், அப்புறம் வேறு பட்டன் பிடிக்காது. அந்தக் கொக்கிகள் சில மி.மீ தடிமன் உள்ள மெல்லிய தட்டைத்தான் பிடிக்கும். 12 மி.மீ பிளைவுட்டில் துளைத்து மாட்டினால் கொக்கி விரியாது, ஆடும்போது பட்டன் மேலே எழும்பி வரும். முழு மரத் தலைப்பலகைதான் வேண்டும் என்றால் கீழே நட்டு போட்டு முறுக்கும் ஓபிஎஸ்என்-30 ரகம் எடுத்து, துளையைச் சுற்றி அடிப்பக்கம் மரம் குடையும் ரௌட்டர் மெஷினால் குடைந்து மெலிதாக்க வேண்டும். வீட்டில் இரவு ஆடுபவர், பக்கத்து அறையில் அம்மா அப்பா தூங்குகிறார்கள் என்றால் ஓபிஎஸ்எஃப்எஸ்-30 என்று சத்தம் குறைந்த பட்டனே வருகிறது. பெட்டிக்குள் ஃபோம் ஒட்டினாலும் அந்தக் கடகடப்பு நன்றாகவே அடங்கும்.

போர்டில்தான் காலம் மாறியிருக்கிறது. மலிவான செட்டுகளோடு ‘ஜீரோ டிலே’ என்று எழுதிய ஒரு யூஎஸ்பி போர்டு வரும். பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சண்டை கேம்கள் வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன, ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவினாடி. யூஎஸ்பி போர்டு வினாடிக்கு 125 முறை மட்டும் செய்தி அனுப்பினால் இரண்டு செய்திகளுக்கு நடுவில் 8 மில்லிவினாடி, அதாவது அரை ஃபிரேம், ஓடிவிடும். 1,000 முறை அனுப்பினால் ஒரு மில்லிவினாடிதான். ஒரே ஒரு ஃபிரேமில் விழ வேண்டிய அடிகள் உள்ள ஆட்டத்தில் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டு.

இன்று நான் யாருக்கும் சொல்லும் வழி ராஸ்ப்பெரி பை பைக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த சின்ன போர்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடையில் கேட்கும்போது ஆர்பி2040 சிப் உள்ள முதல் பைக்கோ என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதில் ஜிபி2040-சிஇ என்ற இலவச, திறந்த மூல மென்பொருளை ஏற்ற வேண்டும். போர்டில் இருக்கும் பூட்செல் பட்டனை அமுக்கியபடி கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அதன்பின் ஸ்டார்ட் பட்டனை அமுக்கியபடி செருகி, பிரௌசரில் 192.168.7.1 என்று தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். எந்தப் பின்னுக்கு எந்தப் பட்டன் என்பதை அங்கே மாற்றிக்கொள்ளலாம். நிரல் ஒரு வரி எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உட்கார்ந்து தங்கள் நேரத்தைக் கொடுத்து இதை உருவாக்கியவர்களால்தான் இங்கே ஒரு மாணவன் கைச்செலவுக் காசில் போட்டித் தரத்துக்கு ஒரு ஸ்டிக் செய்ய முடிகிறது. அது சின்ன விஷயம் அல்ல.

ஒயரிங் எளிது. ஒவ்வொரு பட்டனிலும் இரண்டு கால். ஒரு கால் பைக்கோவின் ஒரு பின்னுக்குப் போகும், இன்னொரு கால் கிரவுண்டுக்கு. எல்லாப் பட்டன்களின் கிரவுண்டையும் ஒரே ஒயரில் கோர்த்துக்கொண்டே போகலாம். பைக்கோ 3.3 வோல்ட் போர்டு என்பதால் 5 வோல்ட் வரும் விபஸ் பின்னை எந்தப் பட்டனோடும் சேர்த்துவிடாதீர்கள். ஜேஎல்எஃப்பிலிருந்து ஐந்து ஒயர் வரும்: ஒன்று கிரவுண்ட், நான்கு திசை. ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம், லீவரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினீர்கள் என்பதைப் பொறுத்துத் திசை மாறும். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, லீவரைத் தள்ளி, எதில் பீப் வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டன் காலில் நேராக ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகி, ஸ்விட்ச் கெட்டுப்போகும். கெடாவிட்டாலும் அந்தப் பட்டனைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அயர்னைச் சூடேற்ற வேண்டியிருக்கும். ஒயர் நுனியில் செருகிக் கழற்றும் உலோக லக் போடுங்கள். ஜப்பான் பட்டன்களுக்கு 2.8 மி.மீ அகலம், அமெரிக்க வகைக்கு 4.8 மி.மீ. கடைகளில் சாதாரணமாகக் கையில் எடுத்துக் கொடுப்பது வண்டி ஒயரிங்குக்கான பெரிய லக், அது 6.3 மி.மீ. ஒரு பட்டனைப் பையில் போட்டுக்கொண்டு போய் மாட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. பின்கள் ஏற்கனவே பற்றவைத்த பைக்கோவாக எடுத்து, அதை ஸ்க்ரூ டெர்மினல் உள்ள ஒரு அடிப்போர்டில் செருகிவிட்டால் முழு ஸ்டிக்கிலும் சால்டரிங்கே இல்லை.

இனி பெட்டி. சென்னையில் செய்வதற்கும் வேறு ஊரில் செய்வதற்கும் வித்தியாசம் இங்கேதான். இணையத்தில் வரும் வழிகாட்டிகளில் பெரும்பாலும் எம்டிஎஃப் பலகை. அந்த ஊர்களின் காய்ந்த காற்றுக்கு அது சரி. நம் ஊரில் ஐப்பசி மழையைப் பார்த்த எம்டிஎஃப் துளை ஓரங்களில் உப்பி, ஸ்க்ரூ பிடிக்காமல் பொருபொருவென்று உதிரும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 12 மி.மீ கேளுங்கள். ஐஎஸ் 303 எம்ஆர் ரகம் மலிவு, ஆனால் ஈரம் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. ஒரு ஸ்டிக்குக்கு முழுப் பலகை தேவையே இல்லை. வீட்டு அலமாரி வேலை நடக்கும் இடத்தில் ஆசாரியிடம் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டிலேயே நான்கு பக்கச் சுவரும் வந்துவிடும். ஓரம் நேராக, மூலை தொண்ணூறு டிகிரியில் வேண்டும் என்று சொன்னால் போதும், அலமாரி டிராயர் செய்யும் கைக்கு இது ஒரு மணி நேர வேலை. வெளிப்பக்கம் மைக்கா ஒட்டலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷும் அடிக்கலாம். வெட்டிய ஓரங்களையும் உள்பக்கத்தையும் கண்ணுக்குத் தெரியாது என்று விட்டுவிடாமல் சீலர் பூசச் சொல்லுங்கள். ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான்.

தலைப்பலகைக்கு 2 மி.மீ அலுமினியத் தகடு, அதன்மேல் 2 மி.மீ ஆக்ரிலிக் என்பது என் விருப்பம். இரண்டும் சேர்ந்து 4 மி.மீ, பட்டன் கொக்கி பிடிக்கும். நடுவில் உங்களுக்குப் பிடித்த படத்தை அச்சிட்டு வைக்கலாம், சலித்துவிட்டால் மாற்றலாம். ஆக்ரிலிக் மட்டும் போட்டால் கை ஊன்றும் இடத்தில் வளையும். இரும்புத் தகடு கனமாக, திடமாக இருக்கும். ஆனால் பவுடர் கோட்டிங் இல்லாமல் போட்டால் உள்ளங்கை வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து பட்டன் துளை ஓரத்திலிருந்து துரு தொடங்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்கள் அலுமினியத்தைத் தவிர எதையும் யோசிக்க வேண்டாம். ஆக்ரிலிக்கில் கையால் டிரில் போடாதீர்கள், விரிசல் விடும். பெயர்ப்பலகை செய்யும் லேசர் கடைகளில் வரைபடக் கோப்பைக் கொடுத்தால் துளையோடு வெட்டித் தருவார்கள். தகடு வெட்டுவதற்கு வேறு லேசர் வேண்டும். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போக வேண்டியிருக்கும். ஒரே ஒரு பீஸ் என்றால் சில இடங்களில் தயங்குவார்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் வேலை சுலபமாக முடியும்.

துளை வரைபடத்தை நீங்களே கணக்குப் போட்டு உருவாக்க வேண்டாம். டைட்டோ வ்யூலிக்ஸ் ஆர்கேட் இயந்திரத்தின் எட்டுப் பட்டன் அமைப்பு எல்லாருக்கும் பழக்கமானது, பக்கத்துப் பட்டன்களின் மையத்துக்கு மையம் சுமார் 36 மி.மீ. முதலில் அட்டையில் அச்சிட்டு, துளை வெட்டி, பட்டனையும் லீவரையும் மாட்டி மடியில் வைத்துப் பாருங்கள். விரல் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. உலோகத்தை வெட்டிய பிறகு நகர்த்த முடியாது.

அளவு பற்றி ஒரு சொல். 40 செ.மீ அகலம், 25 செ.மீ ஆழம் இருந்தால் இரண்டு மணிக்கட்டும் பலகையிலேயே ஊன்றும். உயரம் உள்ளே 55 மி.மீ வைத்தால் ஜேஎல்எஃப் தாராளமாக உட்காரும். கொரிய லீவர் என்றால் அந்த லீவரை கையில் வாங்கி அளந்த பிறகு பெட்டியை வெட்டுங்கள். மேசையில் வைத்து ஆடுபவருக்கு எடை அதிகம் வேண்டும், இல்லையென்றால் ஸ்டிக் நகர்ந்துகொண்டே இருக்கும். நம் வீடுகளில் பாதிப் பேர் தரையில் சம்மணம் போட்டு, மடியில் வைத்துத்தான் ஆடுகிறோம். அப்படியானால் மூன்று கிலோவுக்கு மேல் போனால் தொடை மரத்துப்போகும். அடியில் ரப்பர் ஷீட் ஒட்டினால் வழுக்காது.

அடிப்பலகைக்குப் பெயர்ப்பலகைக் கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ ஏசிபி ஷீட் நல்லது. ஈரம் ஏறாது, எடையும் இல்லை. அதை மரஸ்க்ரூவால் முறுக்காதீர்கள். சில முறை கழற்றி மாட்டினால் மரத்தில் பிடி போய்விடும். மரத்தில் பித்தளை இன்சர்ட் நட்டு இறக்கி, ஸ்டெயின்லெஸ் எம்4 போல்ட் போடுங்கள். லீவருக்கும் அதே எம்4 போல்ட், எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்க்ரூடிரைவர். யூஎஸ்பி ஒயரையும் பெட்டிக்குள்ளிருந்து நேராக வெளியே இழுக்க வேண்டாம். நாய்ட்ரிக் போன்ற டி வகை யூஎஸ்பி சாக்கெட்டைப் பின்சுவரில் பொருத்துங்கள். அதற்கும் 24 மி.மீ துளைதான், ஸ்டார்ட் பட்டனுக்கு வாங்கிய, வட்டத் துளை வெட்டும் ஹோல்சாவே போதும். யாராவது காலில் ஒயர் தடுக்கினால் போவது ஒயரோடு போகும், போர்டு பிழைக்கும்.

பொருள் வாங்கும் இடங்கள்: பைக்கோ, டெர்மினல் போர்டு, லக், கிரிம்பிங் கருவி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ஒயர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் முடிந்துவிடும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். போல்ட், இன்சர்ட் நட்டு, ஹோல்சாவுக்குப் பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் தெருக்கள். லீவரும் பட்டனும் மட்டும் ஆன்லைனில்தான். வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் தபால் செலவும் சுங்க வரியும் பொருளின் விலைக்கு அருகே வந்துவிடும். நண்பர்களோடு சேர்ந்து ஒரே ஆர்டர் போடுங்கள். சான்வா பெயரில் போலிகளும் சுற்றுகின்றன, நம்ப முடியாத விலையில் இருந்தால் நம்ப வேண்டாம்.

இனி லீவரே வேண்டாமா என்ற கேள்வி. லீவர் இல்லாத ஸ்டிக்கில் இடது, கீழ், வலது மூன்றும் விரலடியில் பட்டனாக, மேல் மட்டும் கட்டைவிரலில் பெரிய பட்டனாக இருக்கும். லீவர் பயணிக்கும் தூரம் மிச்சமாவதால் அது வேகமானது என்பதில் சந்தேகமில்லை. செய்வதற்கும் எளிது, ஆழம் குறைவு, தேயும் பாகமும் குறைவு. இடது மணிக்கட்டு வலிப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். லீவரில் இடதும் வலதும் ஒன்றாக விழவே முடியாது, பட்டனில் விழும். அப்போது போர்டு என்ன அனுப்ப வேண்டும் என்பதை எஸ்ஓசிடி என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. அந்த கேமைச் செய்த கேப்காம் நிறுவனம் நடத்தும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போட்டிகளில் எதிரெதிர்த் திசைகள் சேர்ந்தால் நடுநிலை வர வேண்டும். ஜிபி2040-சிஇ அமைப்புப் பக்கத்தில் அதை நியூட்ரல் என்று வைத்துவிடுங்கள், வேறு எதிலும் பழகாதீர்கள். போட்டியெல்லாம் நமக்கு எங்கே என்று நினைக்க வேண்டாம். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக இருந்தது, இந்தியாவிலிருந்தும் ஆடினார்கள். லாகூரின் ஆர்கேட் கடைகளில் ஆடி வளர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019-ல் ஈவோ ஜப்பான், லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற இரண்டு பெரிய சண்டை கேம் போட்டிகளையும் டெக்கென் 7-ல் வென்றார்.

உங்களுக்கு என்றால், லீவரில் ஏற்கனவே கை பழகத் தொடங்கிவிட்டதால் லீவரிலேயே இருங்கள் என்பேன். இரண்டுக்கும் பட்டன், போர்டு, ஒயர் எல்லாம் ஒன்றுதான். பின்னால் மனம் மாறினால் தலைத்தகடு ஒன்றை மட்டும் புதிதாக வெட்டி, அதே பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம்.

பிளேஸ்டேஷனுக்கும் இதே ஸ்டிக் வேண்டும் என்றால் முன்பே யோசியுங்கள். கம்ப்யூட்டரில் பைக்கோ எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். பிஎஸ்4-ல் சோனியின் அங்கீகாரச் சாவி இல்லாத போர்டு சுமார் 8 நிமிடத்தில் துண்டிக்கப்படும். கன்சோல்தான் முக்கியம் என்றால் அதற்கென்றே ப்ரூக் நிறுவனம் விற்கும் போர்டைப் போட்டுவிடுவது நிம்மதி. விலை பைக்கோவைவிடப் பல மடங்கு. டெர்மினல், லக் என்று கழற்றும்படி செய்திருந்தால் அந்த மாற்றமும் ஒரு மாலை வேலைதான்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அடிப்பலகையை உடனே முறுக்காதீர்கள். திறந்தபடியே பயிற்சி மோடில் வைத்து, ஒவ்வொரு பட்டனையும் தட்டி, லீவரை இரண்டு பக்கமும் சுற்றி, பெட்டியை லேசாகக் குலுக்கியும் பாருங்கள். குலுக்கும்போது திரையில் ஏதாவது இன்புட் தானாக வந்தால் எங்கோ ஒரு லக் தளர்வாக இருக்கிறது. கழற்றி, கிரிம்பிங் கருவியால் இன்னொரு முறை இறுக்கிச் செருகினால் சரியாகிவிடும். அதன்பின் மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும், ஒயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று எழுதிய காகிதத்தையும் உள்ளே போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்துத் திறக்கும்போது அந்தக் காகிதம் தேவைப்படும்.